ஓரம் மூடிய பில்லைகள்

முஸ்லிமாகப் பிறந்தவனுக்கு இஸ்லாமியக் கலை ரத்தத்திலேயே ஊறியிருக்கும் என்று எங்கள் மேடம் நம்பினார். அந்தக் கணக்கில் பார்த்தால் உப்பளம் சூழ்ந்த எங்கள் மரக்காணத்தில் பிறந்தவனெல்லாம் உப்பு விஞ்ஞானி ஆகியிருக்க வேண்டும். நான் சைன்போர்டு எழுதுகிறவன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் டீக்கடை, பஞ்சர் கடை, கோழிக்கடை என்று பலகை எழுதிப் பிழைத்தவன். எனக்குத் தெரிந்த இஸ்லாமியக் கலை எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய, காபா படம் போட்ட காலண்டர்தான். அதுவும் சிவகாசியில் அடித்ததாகத்தான் இருக்கும். ஆனால் வேலை தருகிறேன் என்பவரிடம் போய் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்கிற அளவுக்கு நான் உத்தமன் இல்லை. சரி மேடம் என்று தலையாட்டிவிட்டேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. கடலோரப் பெண்களுக்குக் கைத்தொழில் கற்றுத்தருகிறோம் என்று திரும்பிய பக்கமெல்லாம் ஷெட் முளைத்தது. ஒரு ஷெட்டில் மெழுகுவர்த்தி, ஒரு ஷெட்டில் சணல் பை. மேடம் நடத்திய எங்கள் ஷெட்டில் சுட்ட மண் பில்லை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய சதுரம். ஆரோவில்லுக்கும் பாண்டிச்சேரிக்கும் வருகிற டூரிஸ்ட்டுகள் ஊருக்குப் போகும்போது ஞாபகத்துக்கு வாங்கிப்போவதற்கு. பிள்ளையாரும் நடராஜரும் எல்லாக் கடையிலும் கிடைக்கிறார்கள், நாம் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று மேடம் யோசித்ததன் பலன்தான் இஸ்லாமியக் கலை. பாண்டிச்சேரியிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை காரில் வருவார். நல்ல மனுஷி. பேச்சில் அவசரம் மட்டும் அதிகம்.

ஷெட் சாலைக்கு மேற்கே, உப்பளத்தை ஒட்டி இருந்தது. கடல் சாலைக்குக் கிழக்கே எங்கேயோ. அவ்வளவு தூரம் இருந்தும் பெண்கள் யாரும் கடலுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார்கள். அத்தனை பேரும் மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து, ஒரே வரிசையாக, வாசலைப் பார்த்து உட்கார்ந்துதான் வேலை செய்வார்கள். செருப்புகள் வாசலில் வெளிப்பக்கம் பார்த்துக் கிடக்கும், மாட்டிக்கொண்டு ஓட வசதியாக. சாலையில் உப்பு லாரி ஒன்று இரைந்துகொண்டு போனால் எல்லாக் கைகளும் ஒரு கணம் நிற்கும். இரைச்சல் லாரிதான் என்று தெரிந்த பிறகு மறுபடி ஓடும். முதல் வாரம் இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாரம் என் செருப்பையும் திருப்பிப் போட்டேன்.

மேடம் ஒரு கத்தை ஜெராக்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்பெயினில் ஏதோ அரண்மனை, ஈரானில் பள்ளிவாசல், டில்லியில் கல்லறை. எல்லாம் பழைய சுவர்கள். சுவர் முழுக்க நட்சத்திரம். ஒரு நட்சத்திரத்தின் கை நீண்டு அடுத்த நட்சத்திரத்தின் காலாகிறது. எங்கே தொடங்கியது என்று விரலை வைத்துத் தேடினால் விரல் காகிதத்தை விட்டு வெளியே போய்விடும். காம்பஸும் ஸ்கேலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சதுரம் போட்டு, அதன்மேல் இன்னொரு சதுரத்தைத் திருப்பி வைத்தால் எட்டு முனை நட்சத்திரம் வந்துவிட்டது. அட, இவ்வளவுதானா என்று இருந்தது. அந்த வரிகளை நீட்டிப் பக்கத்துச் சதுரத்தோடு சேர்க்கப் பார்த்தபோதுதான் எத்தனை பெரிய மண்டைகள் இதைப் போட்டிருக்கின்றன என்று புரிந்தது. ஒரு மயிரிழை விலகினால் நாலாவது நட்சத்திரம் நொண்டும். அதைச் சரிசெய்யவே எனக்கு ஒரு மாதம் போனது. காலண்டரில் பார்த்திருந்த காபாவுக்கு முதல்முறையாக மரியாதையாக ஒரு சலாம் வைத்தேன்.

கடைசியில் ஒரு டிசைன் கைகூடியது. பில்லையின் நடுவில் நட்சத்திரம். நான்கு ஓரங்களிலும் இரண்டிரண்டு வரிகள் வெளியே ஓடும். பக்கத்தில் இன்னொரு பில்லையை வைத்தால் அதன் வரிகள் அதே இடத்தில் வந்து கைகோக்கும். நாலு வாங்குகிறவர் நாலை ஒட்டலாம். நாற்பது வாங்குகிறவர் ஒரு சுவரையே ஒட்டலாம். மேடம் துள்ளிக் குதிக்காத குறை. இது சேருவதில்தான் வியாபாரமே இருக்கிறது என்றார்.

அதைப் பச்சை மண்ணுக்கு மாற்ற எனக்குத் தெரிந்த வழி போர்டு எழுதுகிற வழிதான். பட்டர் பேப்பரில் படத்தைப் போட்டு, வரி நெடுக ஊசியால் குத்திக்கொண்டே போவோம். பேப்பரைப் பலகைமேல் வைத்து, துணியில் கட்டிய கரித்தூளால் தட்டினால் கீழே புள்ளி புள்ளியாக விழும். புள்ளிகளைச் சேர்த்தால் படம். பெண்கள் அந்தப் புள்ளிகளைப் பார்த்து, தட்டித் தீட்டிய சைக்கிள் போக்ஸ் கம்பியால் மண்ணில் வரி கீறுவார்கள். காய்ந்ததும் சூளை. சுட்டு எடுத்து வரிக்குள் நீலம் தேய்த்தால் முடிந்தது.

முதல் சூளை பிரித்த அன்று பில்லைகளைத் தரையில் அடுக்கினேன். ஒன்றுகூடச் சேரவில்லை. வரிகள் ஓரம் வரை வந்து, ஒரு நெல் அகலம் இருக்கும்போது நின்று, இரண்டும் வளைந்து ஒன்றையொன்று பிடித்து முடிச்சுப் போட்டிருந்தன. நட்சத்திரமெல்லாம் கம்பி கம்பியாக நேர்கோடு, ஓரத்தில் மட்டும் சுழி. சட்டைக்குக் கோடு போட்ட துணி எடுத்து, விளிம்பில் புடவை பார்டர் தைத்த மாதிரி இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு மாத உழைப்பு. புள்ளியைக் கொண்டுபோய்க் கோலம் போடுகிறவர்கள் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசிக்காத என் மண்டையையும் சேர்த்துத்தான் திட்டினேன், ஆனால் சத்தம் அவர்கள் பக்கம்தான் போனது.

மற்றவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு, அடுத்த தடவை சரியாகச் செய்கிறோம் என்றார்கள். செய்தார்கள். ஒருத்தி மட்டும் மாறவில்லை. பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து வருகிறவள். முப்பது வயது இருக்கும். அவள் கீறுகிற வரி அவ்வளவு சுத்தம், சூளையில் வெந்து வந்த பிறகும் ஈரமாக இருப்பது போலத் தெரியும். ஓரம் மட்டும் மூடித்தான் இருந்தது.

"ஏம்மா, நான் போட்ட வரி எங்க போச்சு?"

"வெளியில ஓடிச்சு பாய். மடக்கி உள்ள கொண்டாந்துட்டேன்."

"வெளியில ஓடணும்னுதான் போட்டிருக்கேன்."

"தொறந்து வுடக்கூடாது பாய்." சொல்லிவிட்டு அடுத்த பில்லையை எடுத்தாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏன் விடக்கூடாது, யார் சொன்னது, இதென்ன உன் வீட்டு வாசலா என்று கேட்டேன். அவள் கம்பியை வைத்துவிட்டு, குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னாள்.

"எங்க வூட்ல கோலம் போட்டு மாசக்கணக்கா ஆவுது பாய். சாவு வூடு. போன மார்கழில கடைசியா போட்டேன். பெரிய கோலம். ஒரு மூலைக்கு வர்றப்ப மாவு தீந்துபோச்சு. ஞாயித்துக்கெழம, கட தொறக்கல. அப்புறம் வந்து மூடிக்கலாம்னு எழுந்துட்டேன். எம்பொண்ணு வாசல்ல குந்திக்கினு பல்லு வெளக்கிக்கினு இருந்தா. தண்ணி அந்த மூல வழியாத்தான் உள்ள வந்துச்சு."

வரிசையில் யாரும் நிமிரவில்லை. எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்குத்தான் புதிது. ஊரையே கொண்டுபோன தண்ணீருக்கு உன் வாசல் மூலை எதற்கு என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். இருந்த ஒரே பெண் அவளுக்கு. இனி மிச்சம் புருஷன் ஒருத்தன்தான். அவனும் விடிவதற்கு முன்னால் எழுந்து அதே கடலுக்குள் போகிறான். சுனாமிக்குப் பிறகு வந்த புதுப் படகுகளில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. பழைய கட்டுமரம் ஒன்றை இழுத்துக் கட்டிக்கொண்டு ஒற்றை ஆளாகப் போய்வந்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மேடத்திடம் நான் கதை எதுவும் சொல்லவில்லை. மூடிய பில்லைகளைத் தனியாக எடுத்து, டம்ளர் வைக்கும் பில்லை என்று ஒற்றை ஒற்றையாக விற்கலாம் என்றேன். அவருக்குப் பாதி மனசு. "ஒருத்தங்களுக்காக டிசைன மாத்த முடியாதுங்க" என்றார். இருந்தாலும் விட்டுவிட்டார்.

ஒவ்வொருத்தியும் தன் பில்லையின் முதுகில் ஓர் அடையாளம் கீறுவாள். அவளுடையது மூன்று புள்ளி. ஆவணி வாக்கில் ஒருநாள் காயவைத்த பலகையைப் பார்த்தபோது மூன்று புள்ளிப் பில்லைகள் சில ஓரம் திறந்து கிடந்தன. அப்பாடா, வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால் மறுபடி மூடியிருக்கிறது. அதற்கடுத்த நாள் திறந்திருக்கிறது. இதென்ன கண்ணாமூச்சி என்று கேட்டேன்.

"இன்னிக்கி அவரு வூட்ல படுத்துக்கினு இருக்காரு பாய், காய்ச்சல்னு. கரையில இருக்கறப்ப தொறந்து வுட்டா இன்னா? கடல்ல இருக்கறப்பதான் மூடணும்."

அவ்வளவுதான் விஷயம். மேடத்தின் வியாபாரத்தையும் கெடுக்காமல், தன் பயத்தையும் விட்டுக்கொடுக்காமல் அவளே ஒரு பாதை போட்டிருந்தாள். அதற்குப் பிறகு கடல் எப்படி இருக்கிறது என்று நான் யாரையும் கேட்டதில்லை. அவள் பில்லையின் ஓரத்தைப் பார்ப்பேன். ஷெட்டிலும் இது வேடிக்கையாகிவிட்டது. மூன்று புள்ளி மூடியிருந்தால் சாயங்காலம் மீன் உண்டு, குழம்புக்குப் புளி கரைக்கலாம் என்பார்கள். அவளும் சிரிப்பாள். நானும்கூடச் சிரித்தேன். ஒரு பயத்தோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டால் அதையும் வீட்டு நாயைப் போலத் தடவிக்கொடுக்கத் தோன்றும் போலிருக்கிறது.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. அந்த வருடம் விட்டு விட்டுப் பெய்யவில்லை, விடாமல் பெய்தது. உப்பளப் பாத்திகளெல்லாம் ஒரே தண்ணீராகி, சாலையோரம் ஓலை போட்டு மூடியிருந்த உப்புக் குவியல்கள் அடியிலிருந்து கரைந்து வாய்க்காலில் ஓடின. பில்லைகள் காயவில்லை. காயாததைச் சூளையில் வைத்தால் உள்ளே பட்டென்று வெடிக்கும். அந்தச் சத்தத்துக்கும் பெண்கள் ஒருமுறை வாசலைப் பார்ப்பார்கள். காற்று கிழக்கிலிருந்து அடித்த நாட்களில் அலைச் சத்தம் ஷெட்டுக்குள்ளேயே கேட்டது. பேச்சு குறைந்துபோனது. கடலுக்குப் போகாதீர்கள் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவள் பில்லைகள் நாள் கணக்கில் திறந்தே வந்தன. மேடத்துக்கு ஏக சந்தோஷம். புது வருடத்துக்கு வருகிற டூரிஸ்ட்டுகளுக்கு என்று ஒரு கடைக்காரர் நிறையக் கேட்டிருந்தார்.

கார்த்திகையில் ஒருநாள் மழை விட்டது. வெயில்கூட அடித்தது. மழை ஓய்ந்ததும் கரைப்பக்கம் இறால் வரும் என்று குப்பத்தில் சிலர் இறங்கிவிட்டார்கள் என்று காலையில் டீக்கடையில் பேச்சு. நான் ஷெட்டுக்குப் போனதும் நேராக அவள் பலகையைப் பார்த்தேன். முதல் பில்லை நான்கு பக்கமும் மூடியிருந்தது.

மதியத்துக்கு மேல் காற்று திரும்பியது. வாடை. ஷெட்டின் தகரக் கதவு அடித்துக்கொண்டது. ஒருத்தி எழுந்து கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு வந்தாள். வெளியே வெளிச்சம் உலை மூடியைக் கவிழ்த்த மாதிரி குறைந்தது. குப்பத்துப் பெண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவளைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. கையிலிருந்த பில்லையில் மூன்று ஓரம் முடிந்திருந்தது. நாலாவதையும் வளைத்துக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டு, விரலால் தடவிப் பார்த்து, பலகையில் வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். செருப்பு மாட்டாமலேயே போனாள்.

மற்றவர்கள் அன்று இருட்டுவதற்குள் கரை சேர்ந்துவிட்டார்கள். அவன் வரவில்லை.

அடுத்து வந்த நாட்களில் கடல் விட்டபோதெல்லாம் குப்பத்து ஆட்கள் படகெடுத்துத் தேடினார்கள். வடக்கே போனார்கள், தெற்கே போனார்கள். ஒரு துண்டுக் கயிறுகூடக் கிடைக்கவில்லை. அவள் வேலைக்கு வரமாட்டாள் என்று நான் நினைத்திருந்தேன். மறுநாளே வந்தாள். சுவரோரம் தன் இடத்தில் உட்கார்ந்து கம்பியை எடுத்தாள். நான் பட்டர் பேப்பரை வைத்துத் தட்டிக் கொடுக்கக் கொடுக்க வாங்கிக் கீறினாள். எல்லாம் மூடிய ஓரம். முன்பைவிட வேகமாகக் கீறினாள். சாப்பாட்டு வேளையிலும் எழுந்திருக்கவில்லை. கூட வேலை செய்தவள் ஒருத்தி சோற்றைப் பிசைந்து வாயில் ஊட்டினாள்.

காரியத்தைச் செய்துவிடலாம், ஆளைப் பற்றித் தகவல் இல்லாமல் எத்தனை நாள் விட்டுவைப்பது என்று குப்பத்துப் பெரியவர்கள் பேசியிருக்கிறார்கள். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஷெட்டில் யாரோ மெல்ல அந்தப் பேச்சை எடுத்தபோது, "மூடித்தான வெச்சிருக்கேன். ஒண்ணும் ஆவாது" என்றாள். அவ்வளவு நிச்சயமாகப் பேசுகிற யாரையும் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மூடிய பில்லைகள் அலமாரி நிறைந்து, தரையில் அடுக்கி, மூலை வரை போய்விட்டன. மேடம் வந்து பார்த்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "என்னங்க இது? ஆர்டர் என்ன, இது என்ன?" நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. உண்மையாகவே வருந்தினார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அவங்களுக்கு மண்ணு பிசையற வேலை கொடுக்கலாமா?" என்றார். வேண்டாம் மேடம், மூடினதையும் வாங்கிக்கொள்ள ஒரு கடைக்காரர் இருக்கிறார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய்க்கு வந்த ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பினேன். அந்தக் கம்பியை அவள் கையிலிருந்து வாங்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒருநாள் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அவள் பில்லைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். காய்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான். ஒன்றில் ஓரத்து முடிச்சில் மண் காயும்போது இழுத்து, வரி அறுந்திருந்தது. நகம் நுழையாத விரிசல். தொழுகையில்கூட எனக்கு மனம் அவ்வளவாக நிற்காது, சாஸ்திரம் சகுனம் எல்லாம் வாயில்லாப் பூச்சிகளுக்கு என்று பேசித் திரிந்தவன். ஆனால் அந்த விரிசலைப் பார்த்துவிட்டு என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை. கொஞ்சம் ஈர மண்ணைக் குழைத்து அதை அடைத்தேன். மேலே கம்பியால் அவள் கீறுகிற மாதிரியே வளைத்துச் சேர்த்தேன். பிறகு மற்றவற்றையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வெட்கம் ஒன்றும் தோன்றவில்லை. பயமாக இருந்தது. அவன் எங்கேயோ ஒரு கரையில் ஒதுங்கிக் கிடக்கட்டும், எந்த ஊர்க்காரனாவது தூக்கிக் கஞ்சி ஊற்றட்டும் என்று அல்லாவிடம் கேட்டேன்.

மார்கழி வந்தது. சுனாமியில் ஆள் போன வீடுகளுக்கு வருடம் திரும்புகிற நேரம். திதி முடித்த வாசல்களில் ஒன்றிரண்டாகக் கோலம் தெரிய ஆரம்பித்தது. பனியில் வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போது, வெறும் மண்ணாகவே பார்த்துப் பழகிய தெருவில் வெள்ளை வரிகளைப் பார்ப்பது என்னவோ போலிருந்தது. சின்னச் சின்னக் கோலங்கள். எல்லாவற்றிலும் மூலை மூடியிருக்கிறதா என்று என் கண் தானாகப் பார்த்துக்கொண்டே வந்தது.

அன்று அவள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். தலை சீவியிருந்தாள். கழுத்தில் தாலி இருந்தது. நான் பேப்பர் தட்டிக் கொடுத்துவிட்டு, சூளைக்கு விறகு பார்க்கப் போய்விட்டு வந்தேன். வழக்கம் போல அவள் பலகையைப் பார்த்தேன். முதல் பில்லையில் வரிகள் ஓரம் வரை வந்து வெளியே போயிருந்தன. நான்கு பக்கமும். அவன் வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். ஒரு நிமிடம் முழுதாக அப்படித்தான் நினைத்தேன், சிரிப்புக்கூட வந்துவிட்டது.

"வந்துட்டாரா?" என்றேன்.

வரிசையில் கைகள் நின்றன.

"நேத்து கட்டுமரம் கெடச்சிருக்குது பாய்" என்றாள். "தெக்க, கடலூர் தாண்டி. மரம் மட்டும் ஒதுங்கிக் கெடந்துச்சாம். போய்ப் பாத்துட்டு வந்தேன். அவரு கட்டுன கட்டுதான்."

மூலையில் அடுக்கியிருந்த மூடிய பில்லைகளை அவள் ஒரு தடவை பார்த்தாள்.

"இனிமே யாருக்குன்னு மூடறது?"

அந்த நேரம் பார்த்து வெளியே கார் சத்தம். மேடம் உள்ளே வந்தார். வந்த வேகத்தில் அவள் பலகையில் இருந்த பில்லைகளைக் கண்டுவிட்டார். நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன், ஆனால் அவர் அதற்குள் குனிந்து நாலு பில்லைகளை எடுத்துத் தரையில் பக்கம் பக்கமாக வைத்துவிட்டார். வரிகள் போய்ச் சேர்ந்தன. நாலு நட்சத்திரமும் கைகோத்து, நடுவில் ஐந்தாவது ஒன்று தானாக விரிந்தது. ஓர் இழை விலகவில்லை. நான் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு போட்ட டிசைன் அத்தனை அழகாக மண்ணில் வந்தது அன்றுதான்.

"பாத்தீங்களா" என்றார் மேடம், முகமெல்லாம் மலர்ந்து. "எவ்ளோ கரெக்டா சேருது. இதே மாதிரி போட்டுக் கொடும்மா. எல்லாமே இதே மாதிரி."

"சரி மேடம்" என்றாள் அவள்.

அடுத்த பில்லையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கம்பியை ஊன்றி வரியை இழுத்தாள். ஓரம் வந்தும் நிறுத்தாமல் இழுத்தாள். கம்பி மண்ணைத் தாண்டி, கீழே இருந்த பலகையைக் கீறிக்கொண்டு போகிற சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது.